ரெஜிஸ்டரை மட்டும் எண்ணாதீர்கள்: இயற்கணித மாதிரிகளில் இடம் படித்த அனுபவம்

தர்மபுரிப் பக்கத்திலிருந்து முனைவர் பட்டத்துக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் இதைத்தான் அடிக்கடி கேட்கிறார்கள்: "அக்கா, இயற்கணித மாதிரியில் இடத்தை எப்படி அளப்பது?" இடம் என்றால் கணிப்புக்குத் தேவைப்படும் நினைவகம்; இயற்கணித மாதிரி என்றால் எண்களைப் பிட்டுகளாகப் பிரிக்காமல் முழுதாகவே கையாளும் கணிப்பு மாதிரி. நேர்முகத் தேர்வில் நான் தடுமாறியதும் இதே கேள்வியில்தான்.

1989-ல் ப்ளம், ஷூப், ஸ்மேல் என்ற கணிதவியலாளர்கள் மூவரும் முன்வைத்த கோட்பாட்டு இயந்திரத்தில் ஒரு ரெஜிஸ்டரில், அதாவது நினைவகத்தின் ஓர் அறையில், ஒரு முழு மெய்யெண் அடங்கும். கூட்டல், பெருக்கல், ஒப்பிடுதல் ஒவ்வொன்றும் ஒரே படி. நேரத்தை அளக்க இது நல்ல வசதி. இடத்துக்கும் ரெஜிஸ்டர்களை எண்ணினால் போதும் என்றேன். ஆனால் அதே ஆண்டு மிஷோ ஒன்றை நிறுவியிருந்தார்: எந்தக் கணிப்பையும், உள்ளீடு போக, மாறாத எண்ணிக்கையிலான சில ரெஜிஸ்டர்களிலேயே முடித்துவிடலாம். அப்படியானால் அந்த அளவுகோல் எளிய கணக்கையும் கடினக் கணக்கையும் பிரித்தே காட்டாது.

அது எப்படி முடியும் என்று தேர்வாளர்கள் கேட்டார்கள். இரண்டு மெய்யெண்களின் தசம இலக்கங்களை மாற்றி மாற்றிக் கோக்கலாம் என்றேன். தவறு. இலக்கங்கள் முடிவில்லாமல் போகும். கோத்து முடிக்கவே முடியாது. சரியான வழி வேறு. இடையில் வரும் ஒவ்வொரு மதிப்பும் உள்ளீடுகளாலும் இயந்திரத்தின் மாறிலிகளாலும் ஆன, முழுஎண் கெழுக்கள் கொண்ட இரு பல்லுறுப்புக்கோவைகளின் வகுத்தல்தான். மதிப்பை விட்டுவிட்டு அந்தக் கெழுக்களைச் சேமிக்க வேண்டும். முழுஎண்களை ஒன்றாக்குவது எளிது: 3, 5 இரண்டையும் 2³ × 3⁵ = 1944 என்று வைக்கலாம். இரண்டால் மூன்று முறை வகுபடும், மூன்றால் ஐந்து முறை. இதை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் வருஷத்துப் புளியைப் பானையில் அமுக்கி வைப்பார்கள். பானையை எண்ணினால் புளி எவ்வளவு என்று தெரியுமா? 2-ஐ 20 முறை வர்க்கப்படுத்துங்கள். ரெஜிஸ்டர் ஒன்றுதான், உள்ளே இருக்கும் எண்ணுக்கு 10,48,577 பிட்டுகள். 2006-ல் தெ நொரூவா முன்வைத்த அளவு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது: ரெஜிஸ்டரில் உள்ள பல்லுறுப்புக்கோவையை எழுத எவ்வளவு இடம் பிடிக்கும் என்று பார்க்கிறது. இந்தக் காரணம் புரியாமல் வரையறையை மனப்பாடம் செய்தால் வைவாவில் அடுத்த கேள்விக்கே நின்றுவிடுவீர்கள்.

அப்புறம் 1988-ல் பென்-ஓர், கிளீவ் தந்த முடிவு. ஆழம் d உள்ள, அதாவது கூட்டல் பெருக்கல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக d அடுக்கு வரை போகும், எந்த இயற்கணிதச் சூத்திரத்தையும் மூன்றே ரெஜிஸ்டர்களில், அதிகபட்சம் 4ᵈ கட்டளைகளில் கணக்கிடலாம். இங்கே ரெஜிஸ்டரை எண்ணுவதற்குப் பொருள் உண்டு, ஏனென்றால் கட்டளைகள் எளியவை, பொதிந்து வைக்கும் தந்திரத்துக்கு வழியில்லை. எனக்கு மிகப் பிடித்த நிரூபணம் இது. f, g என்ற இரு சூத்திரங்களின் பெருக்கலான f × g-ஐக் கணக்கிட, f, g-க்கான கட்டளைத் தொகுப்புகளை நான்கு முறை அழைக்க வேண்டும்; அந்த நான்கு அழைப்புகளை, கூட்டல் கழித்தல் குறிகளோடு, புத்தகத்தை மூடிவிட்டு எழுதுங்கள். எனக்கு மூன்றாம் முறைதான் குறி சரியாக வந்தது.