ஒக்டோபர், பல்கனி

ஒக்டோபர் 12
இன்றும் அப்பாவின் ரிப்போர்ட் வரவில்லை.

ஒக்டோபர் 13
விடிய ஐந்தரைக்கே அப்பா எழும்பி பல்கனிக்குப் போய்விட்டார். கொழும்பை ஒட்டிய தியவன்னா ஓயா வாவிப் பக்கம் இன்னும் வெளிக்கவில்லை. "பிள்ளை, இஞ்ச வா. சம்புக்குள்ள ஒரு கழுத்து." எனக்குச் சம்பு மட்டும்தான் தெரிந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். ஒரு தண்டு மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

செந்நாரை. செம்பழுப்புக் கழுத்து, அதில் நெடுக இறங்கும் கறுப்புக் கோடுகள். அந்தக் கோடுகள்தான் புல்லின் நிழலோடு கலந்து அதை மறைத்துவிடுகின்றன. உச்சந்தலை கறுப்பு, முதுகு ஊதா கலந்த சாம்பல். சாம்பல் நாரையைவிடச் சின்னது, மெலிந்தது. யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாற்றில் சின்ன வயதில் அப்பா பார்த்தாராம். இங்கே வந்த நாளிலிருந்து இன்றைக்குத்தான் இத்தனை பேச்சு.

ஒக்டோபர் 15
கிளினிக். மூன்று மணி நேரம் வாங்கில் இருந்தோம். இன்னும் ஒரு கிழமையாம். ஓட்டோவில் வரும்போது அப்பா கேட்டது ஒன்றுதான்: "இப்ப அது நிக்குமோ?"
இல்லை. வெயில் ஏறினால் உள்ளே போய்விடும். விடியலும் மைம்மலும்தான் அதற்கு இரை தேடும் நேரம்.

ஒக்டோபர் 17
நித்திரை வரவில்லை. அப்பாவின் இருமலைக் கேட்டுக்கொண்டே அதைப் பற்றி வாசித்தேன். "அது வெளிநாட்டுப் பறவை, மாரிக்கு வந்திட்டுப் போயிடும்" என்று நேற்று சொன்னார். ஐரோப்பாவில் கூடு கட்டுபவைக்கு அது சரி. ஓகஸ்டிலிருந்து புறப்பட்டு, சகாராவைத் தாண்டி ஆப்பிரிக்காவுக்குப் போய், வசந்தத்தில் நெதர்லாந்து நாணல் காடுகளுக்குத் திரும்புகின்றன. சகாராவுக்குத் தெற்கே சாஹெலில் மழை பொய்த்தால் திரும்பி வருபவை குறைந்துவிடும். எங்கோ பெய்யாத மழை இன்னொரு ஊரின் கூட்டை வெறுமையாக்குகிறது. இதை இரண்டு முறை வாசித்தேன்.

ஆனால் இலங்கையில் இருப்பவை இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. காலையில் அப்பாவிடம் சொன்னேன். கன நேரம் பேசவில்லை.
"அப்ப இது எங்கட ஆளா?"
"ஓம் அப்பா."
"அப்ப போகாது."
ஏன் சொன்னேன் என்று இருந்தது.

ஒக்டோபர் 20
தீபாவளி. அரைத் தோசை சாப்பிட்டார்.

ஒக்டோபர் 21
இரவு முழுக்க இடி மழை. நாரை வரவில்லை. அக்கரையில் லொறி ஒன்று மண் கொட்டிவிட்டுப் போனது. 2018இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சரின் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் முதன்முதலாகக் கொடுத்த 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. இந்தச் சதுப்பு நிலம்தான் இந்த மழையை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறது. அதில் மண்ணைக் கொட்ட எப்படி மனம் வருகிறது? வயிறு எரிகிறது. அப்பாவுக்குச் சொல்லவில்லை.

ஒக்டோபர் 22
வரவில்லை. நீலத் தாழைக்கோழி மட்டும். "அது வந்ததோ?" மூன்று தரம்.

ஒக்டோபர் 23
வந்தது! ஆகாயத்தாமரையின் மேலேயே நடந்து வந்தது. அந்த நீண்ட விரல்கள் பாரத்தைப் பரப்பிவிட, இலை அமிழவே இல்லை. நின்றது. பத்து நிமிடம் அசையவில்லை. அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் கையை இறுக்கினார். ஒரே குத்து. உள்ளங்கை அளவு மீன். அதைத் திருப்பித் தலைப்பக்கமாக விழுங்கியது. கழுத்தில் ஒரு புடைப்பு மெல்ல மெல்ல இறங்கிப் போவது இங்கிருந்தே தெரிந்தது. பிறகு கழுத்தை வளைத்து மடித்து, கால்விரல்கள் பின்னால் நீள, ஆறுதலாகச் சிறகடித்துப் பறந்தது.
அப்பா கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஒக்டோபர் 24
பத்து மணிக்கு போன். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், நாளை எட்டரைக்கு இரண்டு பேரையும் வரச் சொன்னார்கள். போனில் வேறு ஒன்றும் சொல்லவில்லை.
"எட்டரை தானே பிள்ளை? அப்ப அதைப் பாத்திட்டுப் போவம்."
ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருக்கிறேன்.