யாரும் மருந்து குடிக்கவில்லை

எட்டு மாதக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூரில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கவுண்டரில் நின்றபோது, சீட்டை வாங்கிப் பார்த்த ஊழியர், "யாரு மருந்து குடிச்சது?" என்று கேட்டார். சீட்டில் எழுதியிருந்த கோலினெஸ்டரேஸ் என்ற ரத்த நொதியின் பெயரைப் பார்த்தாலே பூச்சிமருந்து குடித்தவர்களுக்கான பரிசோதனை என்பதுதான் அவருக்குப் பழக்கம். குடலிறக்க அறுவைக்கு வந்த குழந்தைக்கு அது எதற்கு என்று விளக்க எனக்கும் வாய் வராததால், டாக்டரிடம் கேட்டு வரும்படி சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மாடி ஏறி இறங்குவதற்குள் ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்து, குடியாத்தத்திலிருந்து மறுநாளும் பஸ் ஏற வேண்டியதாயிற்று.

அந்தச் சீட்டுக்குக் காரணம் என் அம்மா. குழந்தைக்குத் தலை நின்றுவிட்டதா, உட்காருகிறானா என்று தசைநோய் அறிகுறிகளை விசாரித்த மயக்க மருத்துவர், குடும்பத்தில் யாருக்காவது மயக்கம் கொடுத்தபோது சிக்கல் வந்ததா என்றார். இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அம்மா, "சின்னவனுக்கு அப்பென்டிக்ஸ் ஆபரேஷன்ல மயக்கமே தெளியலையே" என்றார். 2011இல் ஆம்பூரில் தம்பி நான்கு மணி நேரம் வென்டிலேட்டரில் கிடந்தான். "பேசறதெல்லாம் கேட்டுச்சு, விரலைத்தான் அசைக்க முடியல" என்று பிறகு அவன் சொன்னதை, மயக்கத்தில் கண்ட கனவு என்றே நாங்கள் ஒதுக்கியிருந்தோம்.

மருத்துவர் அடுத்து எங்கள் சாதியைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. ஆரிய வைசியர் என்றேன். மனைவி தாய்மாமன் மகள் என்பதையும் சொன்னேன். சக்சினைல்கோலின் என்ற தசை தளர்த்தியை ரத்தத்தில் உள்ள இந்தக் கோலினெஸ்டரேஸ் நொதி சில நிமிடங்களில் சிதைத்துவிடும் என்றும், அந்த நொதி பிறவியிலேயே மிகக் குறைந்தவர்களுக்கு நினைவு திரும்பிய பின்னும் தசைகள் மணிக்கணக்கில் அசையா என்றும், இந்தக் குறை எங்கள் சமூகத்தாரிடம் மற்றவர்களைவிட அதிகம் என்றும், பெற்றோர் இருவர் வழியாகவும் வந்தால்தான் கடுமையாக வெளிப்படும் என்றும் அவர் விளக்கிய பிறகே கோபம் தணிந்தது.

தம்பியின் பழைய தாளைக் கேட்டார். ஆம்பூருக்கு முதல் நடையில் கடிதம் கொண்டுவரச் சொன்னார்கள். கடிதத்தோடு போன இரண்டாம் நடையில், அவ்வளவு பழைய கோப்புகளை அழித்துவிட்டோம் என்றார்கள். கடைசியில் அம்மாவின் டிரங்குப் பெட்டியில், எல்.ஐ.சி. பத்திரங்களுக்கு நடுவே டிஸ்சார்ஜ் சம்மரி கிடைத்தது. அதில் வென்டிலேட்டரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை!

ரத்தப் பரிசோதனையில் குழந்தைக்கு நொதி மிகக் குறைவு என்று வந்தது. ஆனால் அறுவை நாளன்று அந்த முடிவு வேறு யாருடைய கோப்பிலோ போய்ச் சேர்ந்திருந்தது. தாய்ப்பால் நிறுத்தி நான்கு மணி நேரம் கடந்த குழந்தை தன் கை முட்டியையே சப்பிக்கொண்டு அழ, நான் வைத்திருந்த ஜெராக்ஸ்தான் காப்பாற்றியது. எந்தத் தாளையும் ஜெராக்ஸ் எடுக்காமல் கவுண்டரில் கொடுத்துவிடாதீர்கள்.

அறுவை சிக்கலின்றி முடிந்தது. அந்த நொதியின் துணையின்றி உடலில் தானாகவே சிதையும் அட்ராகியூரியம் என்ற வேறொரு தசை தளர்த்தியைக் கொடுத்து, மூச்சுக்காக வைத்த குழாயை எடுக்கும் முன் மணிக்கட்டு நரம்பைத் தூண்டிக் கட்டைவிரல் சரியாகத் துடிக்கிறதா என்று பார்த்தார்களாம்.

சக்சினைல்கோலினைக் குழந்தைகளுக்கு இப்போது வழக்கமாகக் கொடுப்பதில்லை என்ற ஆறுதலோடு நான் நின்றுவிடவில்லை. குரல்வளை இறுகி மூச்சு அடைக்கும் அவசரத்தில் கை முதலில் போவது அந்த மருந்துக்குத்தான் என்று மருத்துவரே சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் எங்களுக்குத் தந்த சம்மரியில் குடலிறக்கம் மட்டுமே இருந்தது. நொதிக் குறையையும், கொடுக்கக் கூடாத மருந்தின் பெயரையும் எழுதி முத்திரை வைக்கும்வரை பில் கவுண்டரை விட்டு நான் நகரவில்லை. அந்தத் தாளைச் சிறிதாக்கி லேமினேட் செய்து வைத்திருக்கிறேன்.

போன வாரம் தம்பியையும் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அதே கவுண்டர், அதே ஊழியர். அவர் சீட்டைப் பிரிப்பதற்குள் தம்பி சொன்னான்: "யாரும் மருந்து குடிக்கல சார்."