யார்க்‌ஷயர் கம்பளிக் குடும்பத்தில் ஒரு விதவை மூதாட்டியின் பிறந்த வீட்டைத் தேடிய வழி

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் பக்கத்துக் கம்பளி நெசவுக் குடும்பம். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மகன் வீட்டில் ஒரு மூதாட்டி இருக்கிறாள். வயது, பிறந்த ஊர், ‘விதவை’ என்ற குறிப்பு, ஒரு குடும்பப் பெயர், இவ்வளவுதான் கையில். அந்தக் குடும்பப் பெயரும் அவளுடையதல்ல, கடைசிக் கணவருடையது. இரண்டு முறை விதவையானவள் என்றால், பிறந்த வீட்டுப் பெயரை எட்ட இரண்டு கணவர்களின் காகிதங்களைக் கடக்க வேண்டும்.

நேராகத் திருமணப் பதிவேட்டுக்குப் போகவே கூடாது. ஹாலிஃபாக்ஸை அடுத்த ஹெப்டன்ஸ்டால் சுற்றுவட்டாரத்தில் கிரீன்வுட், சட்கிளிஃப் என்ற பெயர்கள் வீட்டுக்கு வீடு உண்டு. பெண்களோ மேரி, ஹன்னா, சாரா. பொருந்துவது போலத் தெரியும் முதல் திருமணத்தைப் பிடித்துக்கொண்டால் அதன்மேல் கட்டுவதெல்லாம் வேறொருத்தியின் வம்சமாகிவிடும். கடைசியிலிருந்து பின்னோக்கி வருவதே சரி.

முதலில் இறப்புச் சான்றிதழ். இங்கிலாந்துச் சான்றிதழில் இறந்தவரின் பெற்றோர் பெயர் இருக்காது. ஆனால் தொழில் கட்டத்தில் ‘இன்னாரின் விதவை, அவர் கம்பளி நெசவாளி’ என்று எழுதியிருப்பார்கள். தகவல் தந்தவர் பெயரும் இருக்கும். பல சமயம் அது மணமாகிப் போன மகள். அவள் மூலம் இன்னொரு குடும்பப் பெயர் கிடைக்கும்.

அடுத்தது பிள்ளைகளின் பிறப்புப் பதிவு. அரசுப் பதிவு 1837 ஜூலை 1-ல் தொடங்குகிறது. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டு முதல்தான் வரும். பல இணையதளங்களில் இருப்பது அந்தப் பழைய அட்டவணையின் நகலே. தலைமைப் பதிவு அலுவலகத்தின் சொந்த இணைய அட்டவணையில் 1837 முதலே தாயின் பெயர் உண்டு, இறந்தவரின் வயதும் உண்டு. தேடுவது அங்கேதான். அட்டவணையோடு நிறுத்தாமல் சான்றிதழையும் வாங்குங்கள். மறுமணம் செய்தவள் என்றால் தாயின் பெயருக்குப் பின்னால் ‘லேட்’ என்று முந்தைய கணவர் பெயரும், ‘ஃபார்மர்லி’ என்று பிறந்த வீட்டுப் பெயரும் வரும். இந்த இரண்டு சொற்களும் ஒரே வரியில் அகப்பட்டால் பாதி வேலை முடிந்தது. 1875-க்கு முன் பதிவு செய்யாமல் விடப்பட்ட பிறப்புகள் உண்டு. அதனால் ஒரு பிள்ளையின் பதிவு கிடைக்காவிட்டால் அடுத்த பிள்ளையைப் பாருங்கள்.

பிள்ளைகள் எல்லோரும் 1837-க்கு முன் பிறந்திருந்தால்தான் சிரமம். யார்க் மறைமாவட்டத்தில் 1770-களில் வில்லியம் டேட் என்ற குருவானவர் வகுத்த விரிவான ஞானஸ்நானப் பதிவு முறை பரவியது. தாயின் பிறந்த வீட்டுப் பெயர், அவள் தந்தை யார், எந்த ஊர், என்ன தொழில் என்பதெல்லாம் அதில் வரும். பெரிய பங்குகளின் (ஒரு தேவாலயத்தின் பொறுப்பிலுள்ள பகுதியே பங்கு) குருக்கள் வேலைப்பளு காரணமாக இதைத் தட்டிக்கழித்ததும் உண்டு. 1813-ல் நாடு முழுதும் ஒரே அச்சுப் படிவம் வந்ததும் அந்தச் செல்வம் போயிற்று. தாய்க்கு வெறும் ‘ஹன்னா’ மட்டும் மிஞ்சியது. ஆக, 1813 முதல் 1837 வரையான காலம்தான் வறண்ட நிலம். குடும்பம் மெதடிஸ்டாகவோ இங்கிலாந்துத் திருச்சபையைச் சேராத வேறு தனிச் சபையாகவோ இருந்தால் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4, ஆர்.ஜி. 5 என்ற தனிச் சபைப் பதிவேட்டுத் தொகுதிகளைப் பாருங்கள். ஆர்.ஜி. 5 சான்றிதழ்களில் தாய்வழிப் பாட்டன் பாட்டி பெயரே இருக்கும்.

அதுவும் இல்லையென்றால் கணவரின் உயில். எங்கள் கணக்கில் விதவையைப் பற்றி மிக அதிகம் பேசும் காகிதம் இதுதான். 1858 ஜனவரி 12-க்கு முந்தைய யார்க்‌ஷயர் உயில்களில் பெரும்பகுதி யார்க் பல்கலைக்கழகத்தின் போர்த்விக் காப்பகத்தில் இருக்கிறது. ‘என் விதவையாக இருக்கும்வரை’ வீடும் தறிகளும் அவளுக்கு, மறுமணம் செய்தால் பிள்ளைகளுக்கு என்ற நிபந்தனை அடிக்கடி வரும். நிறைவேற்றுபவராக வேற்றுக் குடும்பப் பெயரில் ஒருவர் இருந்தால் கவனியுங்கள், அவர் அவளுடைய சகோதரராக இருக்கக்கூடும். உயில் எழுதாமல் இறந்திருந்தால் சொத்து நிர்வாகத்தில் முதல் உரிமை விதவைக்கு. அதற்காக எழுதித் தந்த பிணைப் பத்திரத்தில் ஜாமீன் நின்றவர்களின் பெயர்களையும் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள். சொத்து இருந்த குடும்பமென்றால் வேக்ஃபீல்டில் 1704 முதல் 1970 வரை நடந்த வெஸ்ட் ரைடிங் (அந்தப் பகுதியின் மேற்குப் பிரிவு) பத்திரப்பதிவு இருக்கிறது; விற்றவர் பெயரைக் கொண்டு தேடலாம்.

ஏழைக் குடும்பமானால் ‘செட்டில்மென்ட்’ விசாரணைக் காகிதங்கள். ஓர் ஏழையைக் காப்பாற்றும் பொறுப்பு எந்த ஊருக்கு என்று முடிவு செய்ய நடந்த விசாரணை அது. கணவன் இறந்தபின்னும் அவனுடைய ஊரே அவளுக்கும் உரிய ஊர். அதனால், தான் ஒருநாளும் வாழாத ஊருக்கு அவள் அனுப்பப்பட்டிருக்கலாம். யார்க்‌ஷயரில் இந்தப் பொறுப்பு பெரும்பாலும் பங்கிடம் இல்லை, அதன் உட்பிரிவான டவுன்ஷிப்பிடம் இருந்தது. டவுன்ஷிப் பெயரில் தேடாவிட்டால் கிடைக்காது.

சில சொற்கள் ஏமாற்றும். ‘ஸ்பின்ஸ்டர்’ என்றால் திருமணப் பதிவேட்டில் மணமாகாதவள், நூற்பவள் அல்ல. ‘ரெலிக்ட்’ என்றால் விதவை. ‘குளோதியர்’ என்பவர் யார்க்‌ஷயரில் வீட்டிலேயே துணி செய்யும் சிறு உற்பத்தியாளராக இருக்கலாம். தெற்கே வில்ட்‌ஷயரிலோ பலருக்கு வேலை தந்து நெய்விக்கும் பெருமுதலாளி. கணக்கெடுப்பில் ‘மதர் இன் லா’ என்றிருந்தால் மாற்றாந்தாயாகவும் இருக்கலாம். 1841-ல் பதினைந்துக்கு மேற்பட்டோரின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள்; உறவுமுறையும் விதவை என்ற குறிப்பும் அதில் கிடையாது.

இத்தனைக்கும் பிறகுதான் திருமணப் பதிவேடு. 1754 முதல் மணமக்கள் கையெழுத்தோ கீறலோ இட வேண்டும். சாட்சிகளின் பெயர், ஓலை (திருமண அறிவிப்பு) வாசித்த ஊர் இரண்டையும் உயிலில் கிடைத்த பெயர்களோடு ஒப்பிடுங்கள். ஞானஸ்நானம் பக்கத்துச் சிற்றாலயத்திலும் திருமணம் பங்கின் தலைமைத் தேவாலயத்திலும் நடந்திருக்கும், ஆகவே இரண்டு பதிவேடுகளும் வேண்டும். கடைசியாக, அதே பெயரில் மிஞ்சும் ஒவ்வொரு ஹன்னாவுக்கும் அடக்கப் பதிவைத் தேடுங்கள். குழந்தையாகவே இறந்துபோன ஒருத்தியைப் பாட்டியாக்கிய வம்சாவளிகள் இணையத்தில் நிறைய உலவுகின்றன.