இரண்டாவது விடை

திரையில் முழுசாக நிரம்பிய சுடோகு கட்டம். புதிர் உருவாக்குவதற்காக அதிலிருந்து ஒவ்வொரு எண்ணாக அழித்துக்கொண்டே போகிறது ஒரு நிரல் நூலகம், அதாவது ஆயத்தமாக எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு.

ஓர் எண் போனதும் தீர்க்கும் பகுதி ஓடுகிறது. விடை கிடைத்தாலும் நிற்பதில்லை. இன்னொரு விடை இருக்கிறதா என்று தேடுகிறது. புதிருக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும்; இன்னொன்று இருந்தால், அழித்த எண் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஐந்தாம் வரிசையில் ஒரு 7 அப்படித்தான் திரும்பி வந்தது. அது இல்லாவிட்டால் நான்கு சிறு கட்டங்களில் 2ம் 7ம் இடம் மாறி உட்கார்ந்தாலும் எந்த விதியும் மீறப்படாது!

மிஞ்சும் எண்கள் 17க்குக் கீழே போனால் ஒரே விடை என்பது நடக்காது. டப்ளினில் கணிதவியலாளர் கேரி மெக்குவைரின் குழு 2012ல் இதைக் கணினியால் நிறுவியது.

புதிர் போடும் வேலையில் பெரும்பகுதி, தீர்த்துப் பார்ப்பதுதான். விளையாடுகிறவருக்குக் காட்ட வேண்டிய அந்த நேர்மையை நிரலிலேயே எழுதி வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.