ஒரே குழாய், இரண்டு தண்ணீர்: தர்மபுரிப் பக்கம் குடிநீரைப் பரிசோதித்துப் பார்த்த அனுபவம்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் குழாயில் வருவது கலப்புத் தண்ணீர். 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் காவிரித் தண்ணீரும், ஊரின் பழைய ஆழ்துளைக் கிணற்றுத் (போர்) தண்ணீரும் ஒரே மேல்நிலைத் தொட்டியில் விழுகின்றன. ஆற்றுத் தண்ணீர் குறைவாக வந்த நாளில் போர் மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். குழாய் அதேதான், தண்ணீர் வேறு. அதனால்தான் ஒரு நாள் ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்து, "குடிக்க உகந்தது" என்று வந்த தாளை வைத்துக்கொண்டு ஊரே நிம்மதியாக இருந்துவிட முடிவதில்லை. அந்தத் தாள் அந்தப் பாட்டிலைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. எங்கள் தெருக் குழாய்களைப் பரிசோதித்து முடித்தபோது கைக்கு வந்த விவரங்களை, அதே வேலையில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறோம்.

முதல் வேலை லேபுக்கு ஓடுவது அல்ல. தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் (டி.டி.எஸ்.) காட்டும் பேனா மீட்டர் ஒன்று வாங்கி, ஒரே குழாயில், தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும், பத்து நாளுக்கு அளந்து எழுதி வைக்க வேண்டும். இந்த மீட்டரால், பல்லைக் கெடுக்கும் ஃபுளோரைடையோ நைட்ரேட்டையோ கிருமியையோ அளக்க முடியாது. தண்ணீரின் மின்கடத்தும் தன்மையை வைத்து மொத்த உப்பைத் தோராயமாகச் சொல்லும், அவ்வளவே. ஆனால் எந்தத் தண்ணீர் கூடுதலாகக் கலந்திருக்கிறது என்பதைப் பிடித்துக் கொடுக்க அது போதும். எங்கள் தொட்டியில் விழும் ஆற்றுத் தண்ணீர் லிட்டருக்கு 300 மி.கி. காட்டியது, போர் தண்ணீர் 1,100. குழாயில் ஒரு நாள் 380, இன்னொரு நாள் 900 என்று வந்தபோது எது காவிரி நாள், எது போர் நாள் என்பது யாரையும் கேட்காமலே தெரிந்துவிட்டது. மாதிரி எடுக்க வேண்டியது இந்த இரண்டு கோடியிலும். குறைந்த எண் வந்த நாளில் ஒன்று, கூடிய எண் வந்த நாளில் ஒன்று. கூடவே தொட்டியில் விழுவதற்கு முன்பே போர் தண்ணீரிலும் ஆற்றுத் தண்ணீரிலும் ஒவ்வொன்று. மொத்தம் நான்கு மாதிரி.

ரசாயனப் பரிசோதனைக்கு 2 லிட்டர் பாலித்தீன் கேன். ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும் என்பதால் கண்ணாடி பாட்டில் வேண்டாம். எண்ணெய், ஜூஸ், பினாயில் இருந்த கேனும் ஆகாது. குழாயை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் கேனையும் மூடியையும் மூன்று முறை அலசி, காற்று இடைவெளி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி மூட வேண்டும். வீட்டு சின்டெக்ஸ் தொட்டிக்குப் பின்னால் உள்ள குழாயில் பிடித்தால் உங்கள் தொட்டியைத்தான் பரிசோதித்ததாக ஆகும். தெரு லைனில் இருந்து நேராக வரும் குழாயைத் தேர்ந்தெடுங்கள். பித்தளை, ஈயப் பற்றவைப்பு உள்ள பழைய குழாய்களில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் முறை தலைகீழ்: இரவு முழுவதும் திறக்காமல் வைத்து, காலையில் விழும் முதல் தண்ணீரையே பிடிக்க வேண்டும்.

கிருமிப் பரிசோதனைக்குப் பாட்டிலை லேபிலேயே கேட்டு வாங்க வேண்டும். கிருமி நீக்கிய பாட்டில் அது, உள்ளே சிறிதளவு சோடியம் தயோசல்பேட் போட்டிருப்பார்கள். தண்ணீரில் உள்ள குளோரினை அது முறித்துவிடும். முறிக்காவிட்டால், லேபுக்குப் போகும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே இருக்கும், ரிப்போர்ட் உண்மையைவிடச் சுத்தமாக வரும். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்: ரசாயன கேனை அலசிய பழக்கத்தில் இந்தப் பாட்டிலையும் அலசிவிடுகிறார்கள், தயோசல்பேட் போய்விடுகிறது. குழாய் வாயில் இருக்கும் துணி, பிளாஸ்டிக் ட்யூபைக் கழற்றி, வாயை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, உலோகக் குழாய் என்றால் தீ காட்டி, ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் பிடிக்க வேண்டும். குறைந்தது 100 மி.லி. தேவை. மேலே ஓர் அங்குலம் காலியாக விடுங்கள், அப்போதுதான் லேபில் குலுக்க முடியும். ஐஸ் வைத்த பெட்டியில், உறையாமல், ஆறு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது. 24 மணி நேரம் தாண்டிய மாதிரிக்கு மதிப்பில்லை. வெள்ளிக்கிழமை மதியம் கொண்டுபோகாதீர்கள், வார விடுமுறையில் மாதிரி கிடந்துவிடும்.

குளோரினை மட்டும் குழாயடியிலேயே பார்த்துவிட வேண்டும். லேபுக்குப் போவதற்குள் அது குறைந்துவிடும். டி.பி.டி. என்ற சோதனை மாத்திரை ஒன்றை 10 மி.லி. தண்ணீரில் போட்டால், குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு நிறம் வரும். ஒரு நிமிடத்துக்குள் நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, 2012-இன்படி கடைசி வீட்டுக் குழாயிலும் கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் தனி குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி. இருக்க வேண்டும். தொட்டிக்கு அடியில் உள்ள முதல் வீட்டில் 0.5 இருந்து, தெருக்கோடியில் நிறமே வராமல் போவது சாதாரணமாகக் காண்பது. தொட்டிக்கு அருகில் மட்டும் சோதித்துவிட்டு "குளோரின் சரி" என்று எழுதுவதில் பயனில்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊராட்சிகளுக்குக் கொடுத்த களப் பரிசோதனைப் பெட்டி உங்கள் ஊரிலும் இருக்கும், கேட்டு வாங்குங்கள். குளோரினுக்கு அது போதும். ஃபுளோரைடுக்குப் போதாது: லிட்டருக்கு 1.0 மி.கி.க்கும் 1.5 மி.கி.க்கும் உள்ள நிற வித்தியாசத்தைக் கண்ணால் பிரிப்பது கடினம், நமக்குத் தேவையான வேறுபாடோ அதே இடத்தில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட அளவில் ஆய்வகங்கள் உண்டு. கட்டணம் கட்டினால் பொதுமக்களும் கொடுக்கலாம். படிவத்தில் "குழாய்த் தண்ணீர்" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தெரு, தொட்டியில் இருந்து எத்தனையாவது வீடு, தேதி, மணி, தண்ணீர் விட்டு எத்தனை நிமிடம் கழித்துப் பிடித்தது, அன்றைய டி.டி.எஸ்., அன்றைய குளோரின் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஒப்பிடும்போது இந்த வரிகள்தான் உதவும். ஃபுளோரைடை எந்த முறையில் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். சாயம் சேர்த்து நிறத்தை அளக்கும் முறையில், படிகாரம் போட்டுத் தெளியவைத்த ஆற்றுத் தண்ணீரில் மிச்சமிருக்கும் அலுமினியம், ஃபுளோரைடின் அளவைக் குறைத்துக் காட்டும். மின்முனை (எலக்ட்ரோடு) முறை இதற்கு நம்பகமானது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வரம்போடு ஒப்பிடுவதற்கு முன்னால், கணக்குச் சரியா என்று பாருங்கள். கால்சியத்தை 2.5-ஆலும் மெக்னீசியத்தை 4.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கடினத்தன்மை வர வேண்டும். கால்சியம் 84, மெக்னீசியம் 40 என்றால் 210-ம் 164-ம் சேர்ந்து 374. தாளில் 260 என்று இருந்தால் எங்கோ எழுத்துப் பிழை அல்லது மாதிரி மாறியிருக்கிறது. அதேபோல மின்கடத்துதிறனை 0.65-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ டி.டி.எஸ். வரும். இரண்டும் ஒத்துவராத தாளை வைத்துக்கொண்டு யாரிடமும் வாதாட வேண்டாம், மறுபரிசோதனை கேளுங்கள்.

நைட்ரேட்டில் இன்னொரு வழுக்கல் உண்டு. நமது வரம்பு லிட்டருக்கு 45 மி.கி., அது நைட்ரேட் என்ற கணக்கில். சில தனியார் லேப்கள் நைட்ரஜன் கணக்கில் தருகின்றன. அங்கே 11 என்று இருந்தால் குறைவுதானே என்று விட்டுவிடக் கூடாது. 4.43-ஆல் பெருக்க வேண்டும், 48.7 வரும், வரம்பு தாண்டியது. மாற்று ஆதாரம் இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளும் தளர்வு வரம்பு நைட்ரேட்டுக்குக் கிடையாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் புட்டிப்பால் கலக்க இந்தத் தண்ணீரைத் தொடக்கூடாது. கொதிக்கவைத்தால் தண்ணீர் வற்றி நைட்ரேட்டின் அடர்த்தி கூடும். ஃபுளோரைடும் அப்படியே.

இனி முக்கியமான இடம். ஐ.எஸ். 10500 தரப்பட்டியலில் வரம்புகளுக்கு இரண்டு பத்தி (நெடுவரிசை) இருக்கும், எல்லாம் லிட்டருக்கு மி.கி. கணக்கு. ஃபுளோரைடுக்கு முதல் பத்தியில் 1.0, இரண்டாவதில் 1.5. டி.டி.எஸ்.-க்கு 500, 2,000. கடினத்தன்மைக்கு 200, 600. ரிப்போர்ட்டின் அடியில் "குடிக்க உகந்தது" என்று முத்திரை விழுவது பெரும்பாலும் இரண்டாவது பத்தியை வைத்து. அந்தப் பத்தியின் தலைப்பை முழுதாகப் படியுங்கள்: மாற்று நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கப்படும் அளவு. முதல் பத்தியைத் தாண்டினாலே தண்ணீர் உகந்ததல்ல, வேறு வழி இல்லையென்றால் மட்டும் இரண்டாவது வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று தரத்தின் குறிப்பே சொல்கிறது. காவிரிக் குழாய் ஊருக்குள் வந்துவிட்ட பிறகு மாற்று ஆதாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அப்படியானால் நமக்கு அளவுகோல் 1.0-தான். டி.டி.எஸ். 700 இருப்பதை நாங்கள் பெரிதுபடுத்த மாட்டோம், அது பெரும்பாலும் ருசிப் பிரச்சினை. ஃபுளோரைடு 1.4 இருப்பதைப் பெரிதுபடுத்துவோம். உலக சுகாதார நிறுவனத்தின் 1.5-கூட, மக்கள் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறார்கள் என்பதைப் பார்த்துத் தீர்மானிக்கச் சொல்லும் அளவுதான். வெயிலில் வேலை செய்து நாளைக்கு நான்கு லிட்டர் குடிப்பவருக்கு, இரண்டு லிட்டர் குடிப்பவரைப் போல இரண்டு மடங்கு போய்ச் சேர்கிறது. நிலைப்பற்கள் உருவாகும் வயதில், ஏறத்தாழ எட்டு வரை, குழந்தையின் எனாமலில் ஏறும் சுண்ணாம்பு வெள்ளைத் திட்டும் பழுப்புக் கோடும் பிறகு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் மறையாது.

கலக்கும் விகிதத்தைச் சரிசெய்தால் இதில் பாதி வேலை முடிந்துவிடும், செலவும் இல்லை. எங்கள் தாள்களில் ஆற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு 0.4, போரில் 2.4. பாதிக்குப் பாதி கலந்தால் 1.4. ஆற்றுத் தண்ணீர் 70 பங்கு, போர் 30 பங்கு என்றால் 0.28-ம் 0.72-ம் சேர்ந்து சரியாக 1.0. அந்தக் கலப்பில் டி.டி.எஸ். 540 வரும். ஆக, இந்த ஒரு தொட்டிக்கு மட்டும், பேனா மீட்டர் 540-க்கு மேல் காட்டினால் ஃபுளோரைடு வரம்பைத் தாண்டிவிட்டது என்று தொட்டி ஆபரேட்டரே சொல்லிவிடலாம். அடுத்த ஊர்த் தொட்டிக்கு இந்த எண் பொருந்தாது, அங்கே நான்கு மாதிரியும் புதிதாக எடுக்க வேண்டும். இதைவிட நல்லது, போர் தண்ணீரைத் தனி லைனில் புழக்கத்துக்கு விட்டுவிட்டு, குடிக்கக் காவிரியை மட்டும் தொட்டியில் ஏற்றுவது. ஒரு கேட் வால்வும் சில மீட்டர் பைப்பும் போதுகிற இடங்கள் நிறைய உண்டு.

கிருமி வேறு கதை. மலம் கலந்ததைக் காட்டும் கிருமியான இ.கோலி 100 மி.லி.யில் ஒன்றுகூட இருக்கக் கூடாது, இதற்கும் தளர்வு இல்லை. தொட்டியில் சுத்தமாக இருந்து தெருக்கோடியில் இ.கோலி வந்தால், தொட்டியைக் கழுவிப் பயனில்லை. தண்ணீர் விடாத நேரத்தில் லைன் காலியாக இருக்கும். வீடுகளில் மோட்டார் போட்டு உறிஞ்சும்போது பைப்புக்குள் வெற்றிடம் உண்டாகி, கசியும் இணைப்பு வழியாகச் சாக்கடை உள்ளே இழுக்கப்படும். எனவே இரண்டு பாட்டில் பிடியுங்கள்: தண்ணீர் விட்ட ஐந்தாவது நிமிடம் ஒன்று, அரைமணி கழித்து ஒன்று. முதலாவதில் மட்டும் கிருமி இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் லைன்தான். இரண்டிலும் இருந்தால் தொட்டியையும் ஆதாரத்தையும் பாருங்கள். தொட்டியைக் கிருமி நீக்க லிட்டருக்கு 50 மி.கி. குளோரின் வேண்டும். 25 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 200 கிராம், 24 மணி நேரம் ஊறவிட்டு முழுவதும் வெளியேற்றிவிட வேண்டும். மூட்டை பிரித்து மாதக்கணக்கில் கிடந்த பவுடரில் அந்த 25 சதவீதம் இருக்காது. கட்டிதட்டிப் போய், வாடையும் இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.

மனு எழுதும்போது "தண்ணீர் சரியில்லை" என்று எழுதினால் பதிலும் அதே அளவில்தான் வரும். நான்கு மாதிரியின் எண்கள், தேதிகள், பத்து நாள் டி.டி.எஸ். பட்டியல், 70-க்கு 30 கணக்கு, கேட்கும் ஒரே வேலை என்று ஒரு பக்கத்தில் எழுதி, ஊராட்சிச் செயலரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் கிராமசபை நடக்கிறது. அதில் தீர்மானமாகவே ஏற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்த பிறகு அதே குழாயில், அதே நிமிடக் கணக்கில், மீட்டர் எண் கூடிய நாளில் மறுபடி மாதிரி எடுக்க வேண்டும். மழை நின்று காவிரி நிறைந்து ஓடும்போது எடுத்த மாதிரியை மட்டும் காட்டி முடித்துவிடாதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில், போர் அதிகம் ஓடும்போது ஒன்று கட்டாயம்.