திட்டம் சொல்லாததைக் குறிச்சொல் சொல்லட்டும்

செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட உதவும் டூடூயிஸ்ட் செயலியில் என் பணிகள் யாவும் திட்டவாரியாகப் பிரிந்திருந்தன. ஒவ்வொரு திட்டத்துக்குள்ளும் ஒழுங்கு இருந்தபோதிலும், கைவசம் இருக்கும் அரைமணி நேரத்தில் எதைச் செய்யலாம் என்று அறிய எல்லாத் திட்டங்களையும் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. தொலைபேசியில் பேசி முடிக்க வேண்டிய வேலைகள் பல திட்டங்களில் சிதறிக் கிடந்தால், அவற்றை ஒரே மூச்சில் முடிக்கும் வாய்ப்பே அமையாது. அதனால்தான் எந்தத் திட்டத்தில் உள்ள பணிக்கும் இடக்கூடிய அடையாளச் சொற்களான குறிச்சொற்களைக் கையாளத் தொடங்கினேன்.

பணி எதைப் பற்றியது என்பதைத் திட்டத்தின் பெயரே சொல்லிவிடுவதால், அதைச் செய்ய என்ன தேவை என்பதை மட்டுமே குறிச்சொல் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். அவ்வாறு அமைந்தவை 'தொலைபேசி', 'கணினி', 'வெளியே', 'சிறுவேலை', 'காத்திருப்பு' ஆகியவை. முன்னுரிமைக்கென நான்கு நிலைகள் செயலியிலேயே இருப்பதால் 'முக்கியம்' என்றொரு குறிச்சொல் தேவைப்படவில்லை. பின்னர் 'சோர்வு' என்பதையும் சேர்த்தேன்; களைத்த வேளையிலும் செய்யக்கூடிய கோப்புகளுக்குப் பெயரிடுதல், பழைய மின்னஞ்சல்களை நீக்குதல் போன்றவற்றுக்கு அது. விளையாட்டாகச் சேர்த்த அதுவே இன்று எனக்கு மிகுதியாகப் பயன்படுகிறது.

ஒரு பணிக்குப் பல குறிச்சொற்களை இட முடிவதில்தான் இம்முறையின் வலிமை இருக்கிறது. இதே போன்ற ஆம்னிஃபோகஸ் செயலியில் 2018இல் மூன்றாம் பதிப்பு வரும்வரை, ஒரு பணிக்கு ஒரே ஒரு 'சூழலை'த்தான் (குறிச்சொல் போன்றது) குறிக்க முடிந்தது. ஓர் அழைப்பு, 'தொலைபேசி'யாகவும் 'சிறுவேலை'யாகவும் ஒருங்கே இருக்கலாம் அல்லவா?

குறிச்சொற்களை இட்டு முடித்ததும், நிபந்தனைக்குப் பொருந்தும் பணிகளை மட்டும் ஒரு காட்சியாகத் திரட்டித் தரும் வடிகட்டிகளை அமைத்தேன். டூடூயிஸ்டில் & என்றால் இரண்டும் பொருந்த வேண்டும்; | என்றால் ஏதேனும் ஒன்று பொருந்தினால் போதும்; ! என்றால் அது விலக்கப்படும். நான் காலையில் திறக்கும் காட்சி, இன்றைய பணிகளையும் நாள் கடந்தவற்றையும் | கொண்டு இணைத்து, அடைப்புக்குறிக்குள் வைத்து, அதன்பின் & !@காத்திருப்பு என்று முடிகிறது (@ என்பது குறிச்சொல்லைக் குறிக்கும்). விலக்கு இரு வகைக்கும் பொருந்த வேண்டுமென்பதால் அடைப்புக்குறியைத் தவறாமல் இடுகிறேன். பிறரிடமிருந்து பதில் வர வேண்டியவை இந்தக் காட்சியில் தலைகாட்டாததால், இங்கே தெரியும் எதையும் உடனே தொடங்க முடிகிறது. காத்திருப்பவை தனிக் காட்சியில் உள்ளன. யாருக்கு நினைவூட்ட வேண்டும் என்று பார்க்க அதைத் திறப்பேன். வடிகட்டியில் காற்புள்ளி இட்டால் ஒரே திரையில் தனித்தனிப் பட்டியல்கள் கிடைக்கும் என்பதால், தொலைபேசி வேலைகளையும் வெளிவேலைகளையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறேன்.

நாள் குறிக்கப்படாத பணிக்குக் குறிச்சொல்லும் இல்லையென்றால், அது இக்காட்சிகள் எதிலும் தோன்றாது. ஆகவே குறிச்சொல் இல்லாதவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி ஒன்றையும் அமைத்தேன்; வாரந்தோறும் அதைக் காலி செய்வதே இம்முறை எனக்கு வைக்கும் ஒரே வேலை. எந்தக் காட்சியிலும் பயன்படாத குறிச்சொற்களை அவ்வப்போது நீக்கிவிடுகிறேன். அதனால் பணிகளுக்கு ஒன்றும் ஆவதில்லை, குறிச்சொல் மட்டுமே உதிர்கிறது. படிக்க வேண்டியவை போன்ற நீண்ட பட்டியல்களுக்குக் குறிச்சொல் இடுவதே இல்லை. அத்திட்டங்களின் பெயருக்கு முன் !# இட்டு (# என்பது திட்டத்தைக் குறிக்கும்), குறிச்சொல் அற்றவற்றின் காட்சியிலிருந்தும் அவற்றை விலக்கியிருக்கிறேன்.