டியூப் போட்டிருந்தும் "அவசரமா ஒண்ணுக்கு வருது"

என் மகளுக்கு ஆறு வயது. சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகிற பிரச்சினைக்கு ஆபரேஷன் முடிந்து, சிறுநீரை வெளியே எடுக்கும் டியூபான கத்தீட்டரோடு வார்டுக்கு வந்தாள். வலி இருக்கும் என்று சொன்னார்கள், அது எந்த ரூபத்தில் வரும் என்று சொல்லவில்லை.

அன்று ராத்திரி தூக்கத்திலிருந்து திடுக்கென்று எழுந்து, காலைப் பின்னிக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, "அம்மா, அவசரமா ஒண்ணுக்கு வருது" என்று அலறினாள். அதான் டியூப் வழியாகத் தானாகப் போகிறதே, பிறகு ஏன் என்று எனக்குப் புரியவில்லை. ஒரு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மூன்றாவது தடவை டியூபைச் சுற்றி ஒழுகி விரிப்பே நனைந்ததும், டியூப் கழன்றுவிட்டது என்று பயந்து ஓடினேன்.

நர்ஸ் வந்து குழந்தையைப் பார்க்கும் முன் டியூபைத்தான் பார்த்தார், தொடையிலிருந்து சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பை வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே. தொடையில் ஒட்டிய பிளாஸ்டர் பிய்ந்திருந்தது, அவள் புரளும்போதெல்லாம் டியூப் இழுபட்டிருக்கிறது. டியூப் வெளியே வராமலிருக்க உள்ளே தண்ணீர் நிரப்பிய சின்ன பலூன் ஒன்று இருக்கும். இழுபட்டால் அது சிறுநீர்ப்பையின் வாய்ப்பக்கம் அழுத்தும், சிறுநீர்ப்பையும் எதையோ வெளியே தள்ளப் பார்த்து இறுகும். சிறுநீர்ப்பை காலியாக இருந்தாலும் முட்டுகிற மாதிரி இருப்பது அதனால்தானாம், ஓரத்தில் ஒழுகியதும் அந்த இறுக்கத்தில்தான்.

"முக்காதே கண்ணு, ஊது" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். வலி வரும்போதெல்லாம் சோப்புக் குமிழி ஊதுவதுபோல் ஊதினோம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் உதவியது.

டாக்டர் ஆக்சிபியூட்டினின் எழுதிக்கொடுத்தார், இறுக்கம் நன்றாகவே குறைந்தது. ஆனால் அந்த மருந்தில் வாய் உலரும், மலமும் கட்டும். மூன்று நாள் மலம் போகாமல் இருந்ததில் வலி திரும்ப ஆரம்பித்தது. நிறைந்த குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும் என்று அப்புறம்தான் சொன்னார்கள். மலம் இளக மருந்து கொடுத்து, போன அன்றைக்கே ராத்திரி அமைதி. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று இன்னும் எரிச்சல்தான்.

காய்ச்சல் வந்தாலோ, பிளாஸ்டிக் பையில் சிறுநீர் இறங்காமல் வயிறு உப்பினாலோ உடனே கூப்பிடுங்கள் என்று சொல்லி டியூபோடே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு சாயங்காலம் பையில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை, போனைக் கையில் எடுத்துவிட்டேன். பார்த்தால் டியூப் அவள் முழங்காலுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது.

டியூபை எடுக்கும் நாளில் சிரிஞ்சால் பலூன் தண்ணீரை உறிஞ்சியதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. முதல் ஒண்ணுக்கு எரிந்ததற்கு மட்டும் அவளிடம் எனக்குத் திட்டு விழுந்தது.